தூங்கு, சரியாயிடும்

பனி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஜனவரி முழுக்க அதைத்தான் கேட்டார்கள். துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டிடத்து லிஃப்டில் கேட்டார்கள். கீழே மளிகைக் கடையில் கேட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஸ்கூல் பஸ்ஸின் டிரைவரும் கேட்டார். என் வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துப் போட்டோ காட்டுவார். "சிம்லா சூப்பருங்க. பாப்பா செம ஜாலி" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முதல் ஒன்றரை நாள் அப்படித்தான் இருந்தது.

எங்களுக்கு ஒரே பெண். ஒன்பது வயது. துபாயில் பிறந்தவள், மழையையே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் பார்த்திருக்கிறாள். குளிர்கால லீவு விட்டால் அவள் வகுப்புப் பிள்ளைகள் பனி இருக்கிற நாடுகளுக்குப் போய் வந்து கதை விடும். இங்கே மாலுக்குள் செயற்கைப் பனி இருக்கிறதே என்றேன். "அது ஃப்ரிட்ஜும்மா. ஐ வான்ட் ரியல் ஸ்னோ" என்றாள். அப்பனுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். "நம்ம நாட்டுலயே இருக்குடி, காட்டுறேன்" என்றார். அப்படித்தான் கிளம்பினோம்.

எங்கள் வேலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அவர் ஏசி மெயின்டெனன்ஸ் கம்பெனியில் ஃபோர்மேன். குளிர்ந்த காற்று ஓர் இடத்திலும் கசியக் கூடாது, அதுதான் அவர் தொழில். வீட்டிலும் அதே பைத்தியம். ஜன்னல் இடுக்கு, கதவின் அடிப்பக்கம், சுவிட்ச் போர்டு ஓட்டை, எல்லாவற்றையும் வெள்ளி நிற டேப் போட்டு அடைத்துவிடுவார். மணல் காற்று அடிக்கிற ஊரில் அது நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த டேப் ரோல் அவர் பையில் எப்போதும் இருக்கும். ஊருக்குப் போனாலும் இருக்கும்.

நான் பஸ் அட்டெண்டர். பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் போட்டு, இறக்கிவிடுவது என் டூட்டி. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி சீட் வரை நடந்து பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் அலாரம் நிற்கும். சீட்டுக்கு அடியில் ஏதாவது பிள்ளை தூங்கிக் கிடந்து, பஸ்ஸைப் பூட்டிவிட்டால், இந்த வெயிலில் உயிர் போய்விடும். அதனால் தூங்கும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். தோளைத் தொட்டால் முனகும். தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

சிம்லாவுக்குப் போகும் வழியெல்லாம் நான் பயந்துகொண்டே போனேன். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். டாக்சிக்காரன் ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து மறு கையால் பாக்கை வாயில் போட்டு மென்றான். ஊருக்குள் போனால் குரங்கு. ஒரு ஆளின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கூரையில் உட்கார்ந்திருந்தது. தரையில் உறைந்த தண்ணீர். மகள் வழுக்கி விழுவாள், குரங்கு கடிக்கும், வண்டி உருளும், இப்படித்தான் நான் பயந்தேன். நான் பயந்த ஒன்றுகூட நடக்கவில்லை.

நாங்கள் தங்கியது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம். அந்த ஊரில் பாதி அப்படித்தான். வெயில் தாங்காமல் அவன் மலை மேல் வந்து மரத்தாலும் கல்லாலும் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். கடைவீதிக்கு வண்டி வராது. சாமானைக் கூலிக்காரர் முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார். அறையில் உயரமான கூரை, பெரிய மர ஜன்னல், கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு. எல்லா இடுக்கிலும் காற்று விசில் அடித்தது.

என் வீட்டுக்காரர் ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தன வருஷமா ஒருத்தனும் இதுக்கு ஒரு சிலிக்கான் போடல பாரு."

"வந்த எடத்துலயும் டூட்டியா?" என்றேன்.

"அரை மணி நேரம். அப்பறம் பாரு, ரூமு எப்படி நிக்குதுன்னு."

உட்கார்ந்து ஜன்னல் முழுக்க ஒட்டினார். விசில் நின்றது. கரண்ட் ஹீட்டர் போட்டோம், அறை கதகதவென்று ஆனது. மகள் கைதட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று இரவு பனி பெய்தது. காலையில் ஜன்னலைப் பார்த்து அவள் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரர்களே எழுந்திருப்பார்கள். சர்ச்சுக்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் விளையாடினாள். பனி பொம்மை செய்தாள். அதற்கு மூக்கு வேண்டும் என்று என் தலையிலிருந்த சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கி வைத்தாள். முடி பறந்து முகத்தில் அடித்ததால் போட்டோ எடுப்பதற்குள் நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். போட்டோவில் அந்தப் பொம்மைக்கு மூக்கு கிடையாது. இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

மதியம் கரண்ட் போனது. பனியில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாம். ஹீட்டர் செத்துவிட்டது. மகளின் சாக்ஸ் இரண்டும் ஈரம், பல் தந்தியடித்தது. ஹோட்டல் மேனேஜர் அறைக்கு ஒன்றாக இரும்புச் சட்டியில் கரி நெருப்பு போட்டுக் கொடுத்தனுப்பினான்.

கரி என்றால் எங்களுக்குப் பிக்னிக். குளிர்காலத்தில் சனி ஞாயிறு வந்தால் மணலுக்குப் போவோம். கம்பெனி ஆட்கள் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து கரி மூட்டி, கோழி சுட்டு, சுற்றி உட்கார்ந்து கதை பேசுவோம். தலைக்கு மேலே வானம், நாலு பக்கமும் வெட்டவெளி. நாலு சுவருக்குள் கரியை நாங்கள் பார்த்ததே இல்லை. அடைத்த கூடாரத்தில் கரி வைத்து ஆள் செத்தான் என்று ஒவ்வொரு குளிருக்கும் இங்கே செய்தி வரும். படிப்போம், அடுத்த செய்திக்குப் போவோம். அது யாருக்கோ நடப்பது.

"நீங்க ரெண்டு பேரும் நெருப்புக்கிட்ட இருங்க. நான் போயி காஞ்ச சாக்ஸும் சூடாப் பாலும் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினேன். பாதை கண்ணாடி மாதிரி இருந்தது. ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். இரண்டு கடை மூடியிருந்தது. திரும்பி ஏறும்போது பால் பாத்திரம் கையில் ஆறிக்கொண்டே வந்தது.

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. பாத்ரூமில் இருப்பார் என்று நின்றேன். திரும்பத் தட்டினேன். மகளைக் கூப்பிட்டேன். அவள் காது ரொம்பக் கூர்மை, சாக்லேட் உறையைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து வருவாள். சத்தமே இல்லை. போன் போட்டேன். உள்ளே அவர் போன் அடிப்பது கேட்டது. அடித்து அடித்து நின்றது.

அப்போது கதவின் அடியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து துண்டைத் திணித்து அடைத்திருந்தது. மேலே பார்த்தேன். கதவுக்கு மேலிருந்த கண்ணாடித் திறப்பில் வெள்ளி டேப் பளபளத்தது. காலையில் அது அங்கே இல்லை.

பஸ்ஸில் அலாரம் அடிப்பதுபோல் காதில் ஒரு சத்தம். கதவை உடைக்கச் சொல்லிக் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் துபாய் ஹிந்தி. "பாய்! ஜல்தி! தர்வாஜா தோடோ! யல்லா, யல்லா!" சீக்கிரம் என்பதற்கு அரபியில் யல்லா என்றால் அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? என் முகத்தைப் பார்த்து ஓடி வந்தார்கள். மேனேஜர் மாற்றுச் சாவியைக் கொண்டு வந்து போட்டான், உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் திறக்கவில்லை. முதல் நாள் எங்கள் பெட்டியைத் தூக்கிய கூலிக்காரர் அவனைத் தள்ளிவிட்டு உதைத்தார். வெள்ளைக்காரன் போட்ட கதவு. லேசில் உடையவில்லை. ஒவ்வொரு உதைக்கும் நான் ஒரு தடவை செத்தேன்.

உள்ளே அவர் பாத்ரூம் வாசலில் குப்புறக் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். முனகினார். அவரைத் தாண்டிப் போனேன். அந்த நேரம் அவர் எனக்கு யாரோ.

மகள் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் இருந்தாள். கன்னம் ரோஸ் நிறத்தில் இருந்தது. பார்த்தால் சுகமாகத் தூங்குகிற பிள்ளை. தோளைத் தொட்டேன். முனகவில்லை. உலுக்கினேன். தூக்கினேன். கை கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, தலை பின்னால் தொங்கியது. இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன், எந்தப் பிள்ளையும் அப்படிக் கனத்ததில்லை.

கூலிக்காரர் அவளை ரஜாயோடு வாங்கிக்கொண்டு வெளியே பனியில் ஓடினார். ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் வராது. அவர் முதுகு முன்னால் போகிறது, நான் பின்னால் விழுந்து எழுந்து ஓடுகிறேன். ரஜாய்க்கு வெளியே அவள் கால் ஒன்று தொங்கி ஆடியது. சாக்ஸ் இல்லாத கால். வாங்கிய சாக்ஸ் என் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். பின்னாலேயே தூக்கி வந்த என் வீட்டுக்காரருக்கும் பக்கத்துக் கட்டிலில் மாட்டினார்கள். அவர் சீக்கிரம் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் "பாப்பா?" என்றார். மேனேஜர் வந்து, கதவைத் திறந்து வைக்கச் சொல்லி அனுப்பியதாக டாக்டரிடம் சத்தியம் செய்தான். இவர், யாருமே சொல்லவில்லை என்றார். சட்டி வந்தபோது நான் பாத்ரூமில் ஈரச் சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தேன், யார் சொன்னது உண்மையோ எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் கண் திறந்தாள். "பஸ் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். ஆங்கிலத்தில் பெயர் கேட்டாள், மகள் சரியாகச் சொன்னாள். என்ன வகுப்பு, சரியாகச் சொன்னாள். இப்போது எங்கே இருக்கிறாய் என்றதற்கு, குசைஸ் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் எல்லாம் சரியாகச் சொன்னாள். சாப்பிட்டாள், நடந்தாள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தாள். இந்தப் புகையில் சிலருக்கு முதலில் எல்லாம் சரியாகத் தெரியும், சில வாரம் கழித்து ஞாபக மறதி வரும், நடை தடுமாறும், குணம் மாறும் என்றாள். வராமலும் போகலாம், பார்த்துக்கொண்டே இருங்கள், ஏதாவது தெரிந்தால் உடனே துபாயில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள்.

பார்த்துக்கொண்டே இருங்கள். நல்லது. நான் வேறென்ன செய்தேன்?

துபாய்க்கு வந்ததும் பார்க்கத் தொடங்கினேன். தண்ணி பாட்டிலை ஸ்கூலில் மறந்துவிட்டு வந்தாள். பஸ் படியில் தடுக்கினாள், நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் "காலத் தூக்கி வையிடி!" என்று கத்தினேன். ஏழெட்டு எவ்வளவு என்றேன், ஐம்பத்து நாலு என்றாள். போன வருஷம் சொன்னாளா, போன வருஷமும் இதே தப்புத்தானா? எனக்கு ஞாபகம் வரவில்லை. சோறு ஊட்டிக்கொண்டே கணக்கு கேட்டேன். குளிக்கும்போது வெளியே நின்று தெருப் பெயர் கேட்டேன்.

"அம்மா, வாட் இஸ் ராங் வித் யூ?" என்றாள்.

அவள் தூங்கினால் எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளை உலுக்குவேன். முனகினால்தான் மூச்சு வரும். எங்கள் படுக்கையறை ஜன்னல் டேப்பைக் கத்தியால் கீறி எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு விஷயத்துக்குத்தான் வாய் திறந்தார்.

"இந்தா, சிம்லா மேட்டர யார்ட்டயும் சொல்லிராத. ஸ்கூல்லயும் சொல்லாத."

"ஏன்?"

"ஏசி ஃபோர்மேன், ரூம சீல் பண்ணி பிள்ளையக் கொல்லப் பாத்தான்னு சைட்டு முழுக்கச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமேய்யா. சிரிச்சா உசுரா போயிரும்?"

"ஒனக்கு என்ன, பேசிட்டுப் போயிருவ. நான்ல அங்க நிக்கணும்."

அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவது உப்பு, புளி அளவோடு நின்றது. அவர் போட்டோ காட்டுவது நிற்கவில்லை.

பிப்ரவரி பிறந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். பனியைப் பற்றி யார் கேட்டாலும் மகள் சொல்வது போட்டோவில் இருப்பதை மட்டும்தான். சர்ச்சு முன்னாடி நின்னோம். நான் பிங்க் கேப் போட்டிருந்தேன். அப்பா பனியத் தூக்கி எறிஞ்சாங்க. இந்த மூன்றும் மூன்று போட்டோ. ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உதடு அசைந்தது.

பக்கத்தில் போய்ச் சாதாரணமாகக் கேட்டேன். "நீ செஞ்சியே பனி பொம்ம, அதுக்கு மூக்கு எதுல வச்ச?"

யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் எதை எதிர்பார்க்கிறேன் என்று பார்த்தாள். "கேரட்" என்றாள்.

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த வாரமே கிளினிக்கில் அப்பாயின்ட்மெண்ட் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மணலுக்குப் போனோம். எனக்கு விருப்பமே இல்லை. கம்பெனிக் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்று அவர் இழுத்துக்கொண்டு போனார். எங்களோடு இரண்டு குடும்பம். ஒரு கூடாரம் அடித்தார்கள். சூரியன் இறங்கியதும் காற்று சில்லென்று வீசியது. சின்னப் பிள்ளைகள் இரண்டைக் கூடாரத்துக்குள் படுக்க வைத்தார்கள். மகள் என் மடியில் சாய்ந்திருந்தாள்.

ஒரு கூட்டாளியின் மனைவி அவளைச் சீண்டினாள். "சிம்லா மகாராணி, எங்களுக்கும் பனிக் கத சொல்றது. ஒங்கப்பா போட்டோவ எத்தன தடவதான் பாக்குறது?"

மகள் தொடங்கினாள். சர்ச்சு. பிங்க் கேப். அப்பா பனியைத் தூக்கி எறிந்தது. அதே வரிசை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் அந்தக் கூட்டாளி எழுந்து, எஞ்சிய கரியை ஒரு தட்டில் அள்ளினான். "யல்லா, இத உள்ள வச்சு ஜிப்ப மூடிட்டா பிள்ளைங்களுக்குக் கதகதன்னு இருக்கும்" என்று கூடாரத்தை நோக்கி நடந்தான். நான் வாய் திறப்பதற்குள் மடியில் இருந்தவள் எழுந்துவிட்டாள்.

"அங்கிள், நோ! உள்ள வைக்காதீங்க!"

"ஏன்டா கண்ணு? நெருப்பு மேல படாம ஓரமா வைக்கிறேன்."

"தல வலிக்கும்." அவள் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு அங்க தல வலிச்சிது. அப்பா சேர் மேல ஏறி மேல டேப் ஒட்டிட்டு இருந்தாங்க. அந்த டேப்பு என் கைல ஒட்டிக்கிச்சு, அப்பா சிரிச்சாங்க. நான், ஹெட்ஏக் அப்பான்னு சொன்னேன். அப்பா, எனக்குந்தான் வலிக்குது, குளிருக்கு அப்படித்தான் இருக்கும், தூங்கு, சரியாயிடும்னு சொன்னாங்க. அம்மாவோட ப்ளூ ஷாலப் போத்தி விட்டாங்க. அப்பறம் கரி சத்தம் வந்துச்சு. டிக் டிக்னு. அப்பறம் தெரியல."

அந்த அறைக்குள் யாரும் போட்டோ எடுக்கவில்லை. சேர் மேல் ஏறியதை நான் பார்க்கவில்லை. நீல ஷாலை அவர் போர்த்தியது எனக்குத் தெரியாது. தலைவலி என்று பிள்ளை சொன்னதையும் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, விமானத்தில் சொல்லவில்லை, உப்பு புளி பேசிய இத்தனை வாரத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு வந்தது. பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது என்று அவளைக் கட்டிக்கொண்டு மணலில் உருள வேண்டும் போல் இருந்தது. எழுந்து போய் அந்த மனுஷனின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே, பாப்பா என்னமோ சொல்லுது?" என்றான் கூட்டாளி. தட்டு அவன் கையிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். தட்டை வாங்கிக் கரியைத் தூரமாகக் கொட்டினார். காலால் மணலைத் தள்ளி மூடினார். மூடிய பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு கூடாரத்தின் ஜிப்பைக் கடைசி வரை இழுத்துத் திறந்து, துணியைக் கயிற்றால் கட்டிவிட்டார்.

"ஆமா. நான்தான் தூங்கச் சொன்னேன்" என்றார். "ரூம சீல் பண்ணி, கரிய உள்ள வச்சு, பிள்ளையத் தூங்கச் சொன்னேன். அவ அம்மா வந்து கதவ ஒடைக்க வைக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் பெட்டிலதான் ஊருக்குப் போயிருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளியின் மனைவி கூடாரத்துக்குள் ஓடித் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அது முனகிக்கொண்டே அவள் கழுத்தைக் கட்டியது.

திரும்பும்போது காரில் ஏசி போடவில்லை. நாலு கண்ணாடியையும் அவரே இறக்கிவிட்டார். மணல் முகத்தில் அடித்தது. கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்க்காமல், "ஒங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார்.

"இருக்கணும்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. இன்னும் முழுசாக வரவில்லை.

கிளினிக்குக்கு மூன்று பேரும்தான் போனோம். அவர் டாக்டரிடம் தலைவலியையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் அவளை நடக்க வைத்தார், எழுத வைத்தார், படம் எடுத்துப் பார்த்தார். இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். இந்த டாக்டரும் அதையேதான் சொல்கிறார். பொம்மையின் மூக்கைப் பற்றி மறுபடி கேட்டேன். அது அவளுக்கு வரவே இல்லை. சிவப்புக் கிளிப்பை எடுத்துக் காட்டினாலும் தோளைக் குலுக்குகிறாள். பிள்ளைகள் எத்தனையோ மறக்கும், இது அதுவா, அந்தப் புகை தின்றதா, எனக்கு யார் சொல்வார்கள்?

அன்று மணலிலிருந்து வரும் வழியில் அவள் பின் சீட்டில் தூங்கிப்போனாள். நான் திரும்பி அவள் தோளை உலுக்கினேன்.

"ம்ம்… விடும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த சிக்னலில் மறுபடி உலுக்கினேன்.